இங்கே இலை, எல்லை தாண்டினால் ஜெயில்!

அமெரிக்காவில் ஒரு நீண்ட சாலை இருக்கிறது. 65-ம் எண் நெடுஞ்சாலை என்று அதற்குப் பெயர்.

வடக்கே மிச்சிகன் ஏரிக் கரையில் உள்ள கேரி என்ற ஊர்ப் பக்கம் அது தொடங்குகிறது. தெற்கே மொபீல் என்ற கடற்கரைப் பட்டினத்தில் போய் முடிகிறது. நீளம் சுமார் 890 மைல். சென்னையில் இருந்து மும்பைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

இந்தச் சாலை 4 மாநிலங்கள் வழியாகப் போகிறது. முதலில் இண்டியானா. அடுத்து கெண்டக்கி. அதற்கு அடுத்து டென்னசி. கடைசியில் அலபாமா.

2025-ம் ஆண்டு. ஒரு லாரி ஓட்டுநர் இந்தச் சாலையில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 40. பல வருடமாக முதுகு வலி.

கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் அவர் லாரியை நிறுத்துகிறார். கடைக்குப் போகிறார். பச்சைப் பொடி அடைத்த ஒரு பொட்டலம் வாங்குகிறார். கடைக்காரர் வயதைப் பார்க்கிறார். 21 வயது நிரம்பி இருக்க வேண்டும், அது சட்டம். காசை வாங்கிக்கொண்டு, ரசீது கொடுக்கிறார். ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

லாரி புறப்படுகிறது. டென்னசி மாநிலம் வருகிறது. அங்கேயும் ஒன்றும் இல்லை. நாஷ்வில் நகரைத் தாண்டி இன்னும் தெற்கே போகிறது.

எல்லையில் ஆர்டுமோர் என்று ஓர் ஊர். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று டென்னசியில் இருக்கிறது. இன்னொன்று அலபாமாவில் இருக்கிறது. நடுவே எல்லைக் கோடு. கோட்டைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிறார். பின்னால் விளக்கு எரியவில்லை என்கிறார். உள்ளே எட்டிப் பார்க்கிறார். பொட்டலம் கண்ணில் படுகிறது.

அவ்வளவுதான்!

காலையில் ரசீது போட்டு வாங்கிய பொருள், மாலையில் பெருங்குற்றம் ஆகிவிடுகிறது. அலபாமா சட்டப்படி அதற்குத் தண்டனை குறைந்தது 1 ஆண்டும் 1 நாளும். அதிகம் போனால் 5 ஆண்டு. அபராதமும் உண்டு. ரசீதைக் காட்டிப் பயன் இல்லை. ரசீது கெண்டக்கி ரசீது. சட்டம் அலபாமா சட்டம்.

குற்றம் செய்தவர் எல்லோரும் ஜெயிலுக்குப் போவது இல்லை. கண்காணிப்பில் வெளியே விடப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் “பெருங்குற்றவாளி” என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் எல்லாம் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

அந்தப் பச்சைப் பொடியின் பெயர் கிராட்டம்.

நீர்க்கடம்புக்குச் சொந்தம்

கிராட்டம் ஒரு மரம். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் ஆற்றோரங்களிலும் ஈரக் காடுகளிலும் வளர்கிறது. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 80 அடி உயரம் வரை வளரக்கூடியது. இலை பச்சைப்பசேல் என்று உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்தோனேசியா டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம். பீட்டர் கோர்த்தால்ஸ் என்ற டச்சுத் தாவர நிபுணர் காடுகளில் சுற்றி மரம் செடிகளை ஆராய்ந்து வந்தார். இந்த இனத்துப் பூவின் நடுவில் உள்ள சூல்முடி, பாதிரிமார் தலைவரான பிஷப் அணியும் தொப்பி போல அவருக்குத் தோன்றியது. அந்தத் தொப்பியின் பெயரையே வைத்து, 1839-ல் “மித்ரகைனா” என்று இனத்துக்குப் பெயர் சூட்டினார்.

நம் நாட்டில் நீர்க்கடம்பு என்ற மரம் உண்டு அல்லவா? அதுவும் இந்த மித்ரகைனா இனந்தான். கிராட்டத்துக்கு அது சொந்தக்கார மரம். இனம்தான் ஒன்று, மரம் வேறு. நீர்க்கடம்பை யாரும் சந்தேகப்பட வேண்டியது இல்லை!

மலேசியாவில் இருக்கும் தமிழர்களுக்கு “கெத்தும்” என்று சொன்னால் விளங்கும். மலாய் மொழியில் கிராட்டத்துக்கு அதுதான் பெயர். இலையைக் கொதிக்க வைத்து அந்தக் கஷாயத்தைக் குடிப்பார்கள். அங்கே 1952-ம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் அது வந்து, விற்றவர்களும் வைத்திருந்தவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

தாய்லாந்தின் தெற்குப் பகுதியில் ரப்பர்த் தோட்டக்காரர்களும் மீனவர்களும் பச்சை இலையை மெல்லுவார்கள். நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு மெல்லுவது வழக்கம். வெயிலில் களைப்புத் தெரியாமல் வேலை செய்யலாம் என்பார்கள். நம் ஊர்க் கிழவர்கள் வெற்றிலை பாக்குப் போடுவது போல, அங்கே வீட்டுக்கு வந்தவருக்கும் அதைக் கொடுத்து உபசரிப்பது உண்டு.

என்ன செய்யும்?

கொஞ்சமாக மென்றால் சுறுசுறுப்பு. அதிகமாகப் போனால் மயக்கம், தூக்கம், வலி மரத்துப் போதல். ஒரே இலைக்கு இரண்டு குணம்.

காரணம், இலையில் உள்ள “மித்ரகைனின்” என்ற சத்து. மூளையில் அபின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. இதுவும் அதே இடங்களில் போய் ஒட்டுகிறது. அபின் அளவுக்கு முழுதாக வேலை செய்யாது; பாதி வேலை செய்யும். அதனுடன் இன்னொரு சத்தும் இருக்கிறது. “7-ஹைட்ராக்சி மித்ரகைனின்” என்று நீளமான பெயர். இலையில் இது இருப்பது மிக மிகக் கொஞ்சம். ஆனால் வேகம் அதிகம். இந்த இரண்டாவது பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் அதுதான் வில்லன்!

பழகிவிட்டால் விடுவது கஷ்டம். நிறுத்தியதும் உடல் வலி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக டாக்டர்கள் எழுதி இருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் இதை ஏன் தேடிப் போகிறார்கள்?

அங்கே பல ஆண்டுகளாக அபின் வகை வலி மாத்திரைகளை டாக்டர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பேர் அந்த மாத்திரைக்கு அடிமை ஆனார்கள். பிறகு மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தது. பலர் ஹெராயினுக்குத் தாவினார்கள். இன்னும் சிலர், “இந்த இலைப் பொடியைக் குடித்துத்தான் நாங்கள் மாத்திரையை விட்டோம், உயிர் பிழைத்தோம்” என்கிறார்கள். முதுகு வலிக்காரர்களும், போரில் காயம் பட்ட பழைய சிப்பாய்களும் அவர்களில் உண்டு.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “இது எந்த நோய்க்கும் மருந்து என்று நிரூபிக்கப்படவில்லை. உணவாக விற்கவும் அனுமதி கிடையாது” என்பது அதன் வாதம். துறைமுகங்களில் வரும் மூட்டைகளைப் பிடிக்கவும் அது உத்தரவு போட்டது. 2014 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரே இடத்தில் 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கிராட்டம் கைப்பற்றப்பட்டது. மதிப்பு 50 லட்சம் டாலருக்கு மேல்!

யார் சட்டம் போடுகிறார்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். தலைநகர் வாஷிங்டனில் மத்திய சர்க்கார். போதைப் பொருள்களுக்கு என்று மத்திய சர்க்கார் 1970-ல் ஒரு சட்டம் போட்டது. அதில் 5 பட்டியல்கள். முதல் பட்டியல்தான் மிகக் கடுமையானது. ஹெராயின் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் டாக்டர்கூட எழுதிக் கொடுக்க முடியாது.

கிராட்டம் இலை மத்திய சர்க்காரின் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் 2025 வரை தப்பித்து வந்தது.

ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாகப் பட்டியல் வைத்துக்கொள்ள அதிகாரம் உண்டு. இந்தியாவில் மதுவிலக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது அல்லவா? அது மாதிரிதான். மத்திய சர்க்கார் சும்மா இருக்கும்போது, மாநிலங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன.

மாநிலங்கள் என்ன, நகரங்கள்கூட இழுத்தன! கலிபோர்னியா மாநிலம் இலையைத் தடை செய்யவில்லை. அதே மாநிலத்து சான் டியாகோ நகரம் 2016-ல் தடை செய்தது. புளோரிடா மாநிலத்தில் விற்கலாம். அதே மாநிலத்து சரசோட்டா ஜில்லாவில் விற்கக் கூடாது.

1 லட்சத்து 40 ஆயிரம் கையெழுத்து

2016 ஆகஸ்டு மாதக் கடைசி. மத்திய சர்க்காரின் போதைப் பொருள் தடுப்பு இலாகா திடீர் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது.

“கிராட்டத்தில் உள்ள இரண்டு சத்துக்களையும் முதல் பட்டியலில் சேர்க்கப் போகிறோம். செப்டம்பர் 30-ந் தேதிக்குள்ளேயே அது அமலுக்கு வரலாம்” என்பது அந்த அறிவிப்பின் சாரம். அதாவது, ஒரு மாதந்தான் அவகாசம்.

அதைக் குடித்து வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அடுத்த மாதத்தில் இருந்து ஹெராயின் வைத்திருப்பவரும் அவர்களும் சட்டத்தின் முன் ஒன்று!

வழக்கமாக, போதைப் பழக்கம் உள்ளவர்கள் வெளியே வந்து பேசமாட்டார்கள். இந்தத் தடவை பேசினார்கள். செப்டம்பரில் வெள்ளை மாளிகை எதிரே கூடினார்கள். ஜனாதிபதிக்கு மனு எழுதினார்கள். 1 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல் அதில் கையெழுத்துப் போட்டார்கள். பாராளுமன்ற உறுப்பினர்கள் 51 பேர் சேர்ந்து, “அவசரப்படாதீர்கள்” என்று இலாகாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகளும், “முதல் பட்டியலில் சேர்த்தால் ஆராய்ச்சியே நின்றுவிடும்” என்று சொன்னார்கள்.

செப்டம்பர் 30 வந்தது. தடை வரவில்லை.

அக்டோபர் 13-ந் தேதி இலாகா தன் அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டது. பொதுமக்கள் கருத்தைச் சொல்லலாம் என்று டிசம்பர் 1-ந் தேதி வரை அவகாசம் கொடுத்தது. 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட கருத்துக்கள் வந்து குவிந்தன.

போதைப் பொருள் தடுப்பு இலாகா இப்படிப் பின்வாங்குவது அபூர்வம். அதனால்தான் அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின.

மறுபடியும் 2017-ல் சுகாதார இலாகா, “முதல் பட்டியலில் சேர்க்கலாம்” என்று சிபாரிசு செய்தது. அடுத்த ஆண்டே அந்தச் சிபாரிசைத் திரும்பப் பெற்றது. “போதிய ஆதாரம் இல்லை” என்று காரணம் சொன்னது. சிபாரிசைத் திரும்பப் பெற்ற கடிதம் பொதுமக்களுக்குத் தெரிய வந்தது 2021-ல்தான். இடைப்பட்ட காலம் எல்லாம், தடை வரும் வரும் என்று பயந்துகொண்டே பலர் இருந்தார்கள். ஒரு கடிதத்தை வெளியே காட்ட இத்தனை காலமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

“செயற்கை” ஆன இலை!

வாஷிங்டன் முடிவு எடுக்காத காலத்தில் மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை.

65-ம் எண் சாலையின் வடக்கு முனையில் உள்ள இண்டியானா 2014-ல் தடை போட்டது. அது தடை போட்ட விதம் வேடிக்கையானது. அப்போது, ஆலைகளில் தயாரான புதுப்புதுப் போதைப் பொடிகள் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தடுக்க “செயற்கைப் போதைப் பொருள்” என்று ஒரு பட்டியல் தயாராயிற்று. அந்தப் பட்டியலில் மித்ரகைனினும் ஏறிவிட்டது. மரத்தில் காய்ச்சிய இலை, சட்டப் புத்தகத்தில் செயற்கைப் பொருள் ஆகிவிட்டது!

டென்னசியிலும் அதே கதை நடந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் செயற்கைப் பொருள்கள் வரிசையில் கிராட்டத்தின் சத்தும் இடம் பெற்றது. “இலையும் குற்றம்” என்று போலீசார் பொருள் செய்துகொண்டார்கள். கடைகளில் நுழைந்து சரக்கை எடுத்தார்கள். அப்புறம் 2017 டிசம்பரில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் சட்டத்தைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொன்னார். “சட்டம் தடுப்பது செயற்கையாகச் செய்த பொருளைத்தான், இயற்கையான இலையை அல்ல” என்பது அவர் கருத்து. 2018-ல் சட்டமே திருத்தப்பட்டது. 21 வயது நிரம்பியவர்கள் இயற்கை இலையை வாங்கலாம் என்று ஆயிற்று.

அதே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாநிலம் இலையைக் கட்டியது. இன்னொரு மாநிலம் இலையை அவிழ்த்து விட்டது. இரண்டுக்கும் நடுவே கெண்டக்கி மட்டுந்தான் இருக்கிறது.

அலபாமாவில் 2016 மே மாதம் தடை வந்தது. செயற்கை, இயற்கை என்ற பேச்சே இல்லை. நேராக முதல் பட்டியல்! விஸ்கான்சின், ஆர்கன்சா, வெர்மான்ட், ரோடு ஐலண்டு ஆகியவையும் தடை போட்டன. ஆக, 2025-ம் ஆண்டு பிறந்தபோது தடை செய்த மாநிலங்கள் 6.

யுட்டா காட்டிய வழி

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன?

2019-ல் யுட்டா மாநிலம் வேறு வழியைப் பிடித்தது. “தடுக்க வேண்டாம், ஒழுங்குபடுத்துவோம்” என்று ஒரு சட்டம் போட்டது. இப்படிப்பட்ட சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அச்சடிக்க வேண்டும். வேறு மருந்தைக் கலக்கக் கூடாது. அந்த வேகமான இரண்டாவது சத்து, மொத்தச் சத்தில் 100-க்கு 2 பங்கைத் தாண்டக் கூடாது.

அதே ஆண்டில் ஜார்ஜியா, அரிசோனா, நெவாடா ஆகிய மாநிலங்களும் யுட்டாவைப் பின்பற்றின. 2023-ல் புளோரிடா, 21 வயது வரம்பு வைத்தது. 2024-ல் கெண்டக்கியும் 21 வயது வைத்துச் சட்டம் போட்டது. லாரி ஓட்டுநரிடம் கடைக்காரர் வயதைப் பார்த்தது அந்தச் சட்டத்தினால்தான்.

இந்தச் சட்டங்களை வேண்டும் என்று கேட்டவர்களில், குடிப்பவர்கள் மட்டும் அல்ல, விற்பவர்களும் இருந்தார்கள். விற்பவர், “எங்களைக் கட்டுப்படுத்துங்கள்” என்று கேட்பது அதிசயமாகத் தோன்றலாம். கட்டுப்பாடு வந்தால் தடை வராது என்பது அவர்கள் கணக்கு.

மாண்டவர்கள்

இது வெறும் வேடிக்கைக் கதை அல்ல. உயிர் போன கதையும் உண்டு.

அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் ஒரு கணக்கு எடுத்தது. 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை, 27 மாநிலங்களில் போதைப் பொருள் மிஞ்சி இறந்தவர்கள் 27 ஆயிரத்து 338 பேர். அவர்களில் 152 பேர் உடலில் கிராட்டம் இருந்தது. மரணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் முடிவு செய்தது 91 பேர் விஷயத்தில். அந்த 91 பேரில், கிராட்டத்தைத் தவிர வேறு பொருள் எதுவும் சோதனையில் தென்படாதவர்கள் 7 பேர்.

தடை கேட்கிறவர்கள் 91 என்ற எண்ணைச் சொல்வார்கள். தடை வேண்டாம் என்பவர்கள் 7 என்ற எண்ணைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கும் எண்கள்தான்!

2018-ல் வேறு ஒரு ஆபத்து வந்தது. சால்மோனெல்லா என்ற கிருமி பொட்டலங்களில் இருந்தது. வாந்தி, பேதி, காய்ச்சல். 41 மாநிலங்களில் 199 பேர் படுத்துவிட்டார்கள். சரக்கைத் திரும்பப் பெறும்படி ஒரு கம்பெனியை உணவு, மருந்து நிர்வாகம் கேட்டது. கம்பெனி அசையவில்லை. நிர்வாகம் கட்டாய உத்தரவு போட்டது. அந்த அதிகாரம் கைக்கு வந்த பிறகு அது போட்ட முதல் கட்டாய உத்தரவு அது. எங்கே காய்ந்த இலை, யார் அரைத்த பொடி என்று கேட்க ஆள் இல்லாத வியாபாரத்தில் இப்படி நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2023 ஜூலையில் புளோரிடாவில் ஒரு வழக்கு முடிந்தது. தபாலில் கிராட்டம் வாங்கிச் சாப்பிட்ட ஒரு பெண் இறந்து போயிருந்தார். விற்ற கம்பெனி, அவர் குடும்பத்துக்கு 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

மாத்திரை வந்தது

இப்போது வில்லன் வருகிறான்.

இலையில் மிகக் கொஞ்சமாக இருக்கும் அந்த இரண்டாவது சத்தை, ஆலைகளில் தனியாகப் பெருக்கி எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அதை மாத்திரை ஆக்கினார்கள். மிட்டாய் ஆக்கினார்கள். பெட்ரோல் பங்க் கடைகளில், குழந்தைகள் கண்ணில் படும்படி, பளபளப்பான உறைகளில் வைத்தார்கள். பெட்டியின் மேல் “7” என்ற எண்ணைப் பெரிதாக அச்சடித்தார்கள்.

இலை தின்பது வேறு, இது வேறு. கரும்பு தின்பதற்கும் சாராயம் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

2025 ஜூலை 29-ந் தேதி உணவு, மருந்து நிர்வாகம், “பெருக்கி எடுத்த இந்தச் சத்தை மத்தியப் பட்டியலில் சேர்க்க வேண்டும்” என்று சிபாரிசு செய்தது. “நாங்கள் குறி வைப்பது இந்த மாத்திரையைத்தான், இயற்கை இலையை அல்ல” என்றும் சேர்த்துச் சொன்னது. இத்தனை வருடமாக இலையையே திட்டி வந்த நிர்வாகம் முதல் தடவையாக இரண்டையும் பிரித்துப் பேசியது. அடுத்த மாதமே புளோரிடா அவசர உத்தரவு போட்டு, மாத்திரையை முதல் பட்டியலில் ஏற்றியது.

லூசியானா மாநிலம் பிரித்துப் பார்க்கவில்லை. இலை, பொடி, மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துத் தடை செய்தது. 2025 ஆகஸ்டு 1-ந் தேதி தடை அமலுக்கு வந்தது. ஜூலை 31-ந் தேதி இரவு வரை கடை அலமாரியில் இருந்த பொருள், விடிந்ததும் குற்றப் பொருள்!

அதே ஆண்டில் ரோடு ஐலண்டு மாநிலம் எதிர்ப் பக்கம் திரும்பியது. 2017-ல் தானே போட்ட தடையை நீக்கிச் சட்டம் செய்தது. 2026 ஏப்ரல் 1 முதல், 21 வயது நிரம்பியவருக்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கலாம் என்று தேதி குறித்தது. ஒரே ஆண்டில் ஒரு மாநிலம் கதவைச் சாத்துகிறது. இன்னொரு மாநிலம் திறக்கிறது.

பிறந்த வீட்டில் நடந்தது

இலை பிறந்த நாட்டில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும்.

தாய்லாந்தில் 1943-ல் கிராட்டத்துக்குத் தடை வந்தது. யாராவது இறந்ததாலா? இல்லை. பணத்தால்!

அப்போது அங்கே அபின் விற்பனைக்கு சர்க்கார் வரி போட்டு வந்தது. வரி ஏறியதால் அபின் விலையும் ஏறியது. போர்க் காலம் வேறு. ஏழைகள் அபினை விட்டுவிட்டு, கொல்லையில் சும்மா கிடைக்கும் கிராட்டம் இலைக்கு மாறினார்கள். வரி வருமானம் அடி வாங்கியது. 1943 ஜனவரியில் லாம்பாங் தொகுதிப் பிரதிநிதி ஒருவர் சபையில் இதை வெளிப்படையாகவே சொன்னார். அபினுக்கு வரி அதிகம், கிராட்டத்துக்கு வரியே இல்லை, அதனால் மக்கள் அதற்குப் போகிறார்கள், வருமானம் குறைகிறது என்பது அவர் பேச்சு. அந்த ஆண்டே சட்டம் வந்தது. வளர்க்கக் கூடாது, இருக்கும் மரங்களையும் வெட்ட வேண்டும் என்றது.

காடு பூராவும் முளைக்கும் மரத்தை எத்தனை வெட்டுவது? கிராமத்து ஜனங்கள் ஒளித்து வைத்து மென்றார்கள். பிடிபட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அபினுக்கே தடை வந்து, அந்த வரியும் ஒழிந்தது. ஆனால் வரிக்காகப் போட்ட கிராட்டம் தடை மட்டும் அப்படியே நின்றது.

78 ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்டு 24-ந் தேதி, தாய்லாந்து சர்க்கார் கிராட்டத்தைப் போதைப் பட்டியலில் இருந்து நீக்கியது. சுமார் 12 ஆயிரம் பேர் மீது இருந்த தண்டனைகளும் வழக்குகளும் நீங்கும் என்று அறிவித்தது. ஜெயில் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களை உள்ளே தள்ளிய அதே இலையைச் சாலை ஓரத்தில் கட்டுக் கட்டாக வைத்து விற்றார்கள். 2022-ல் தனிச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் விற்கக் கூடாது என்று அதில் கட்டுப்பாடு போட்டார்கள்.

இந்தோனேசியாவில் போர்னியோ தீவின் மேற்குப் பகுதியில், ஆற்றோரத்துக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கானோர் கிராட்டம் பறித்துப் பிழைக்கிறார்கள். அமெரிக்கக் கடைகளுக்கு வரும் பொடி பெரும்பாலும் அங்கே இருந்து வருவதுதான். அலபாமாவில் ஒரு தடை, லூசியானாவில் ஒரு தடை என்றால், 10 ஆயிரம் மைலுக்கு அப்பால் இலை பறிக்கும் பெண்ணின் கூலி ஆட்டம் காணுகிறது. அந்த மாநிலங்களின் பெயர்கூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

பொட்டலத்தில் இல்லாத வரி

தபால் மூலம் கிராட்டம் விற்கும் அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு காரியம் செய்கின்றன. “இன்ன இன்ன மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்ப மாட்டோம்” என்று விளம்பரத்தின் அடியில் அச்சடிக்கிறார்கள். அலபாமா முகவரி எழுதினால் பணத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கடையில் கையோடு வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று கடைக்காரர் கேட்பதும் இல்லை.

ஆர்டுமோர் அருகே, சாலை அலபாமாவுக்குள் நுழையும் இடத்தில் பெரிய பலகை ஒன்று நிற்கிறது. வருகிறவர்களை வரவேற்கும் பலகை. அதைப் படித்துக்கொண்டே லாரிகள் உள்ளே போகின்றன.